கிளட்ச் எங்கேயும் போகவில்லை, பெடல்தான் போயிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கார் வாங்குவோருக்கான கட்டுரையைப் படித்தேன். மேனுவல் வாங்கலாமா, டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் வாங்கலாமா என்று அலசியிருக்கிறார் கட்டுரையாளர். நல்ல முயற்சிதான். ஆனால் ஒரே பத்தியில் மூன்று இடங்களில் "கிளட்ச் இல்லாத கார்" என்று எழுதியிருக்கிறார். பெயரிலேயே இரண்டு கிளட்ச் இருக்கிற ஒன்றை கிளட்ச் இல்லாதது என்று எழுத எப்படித்தான் கை வந்ததோ! வேறு யாராவதாக இருந்தால் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். நான் 27 வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். இந்த இரண்டு சொல்லை நம்பி ஓட்டி கியர்பாக்ஸைக் கெடுத்துக்கொண்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்தி என் சொந்த மகள். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். மாணவர் மறந்துபோகும் ஒவ்வொரு தடவையும் நான்தான் மிதிப்பேன். என் இடது முழங்கால் அந்தப் பெடலில்தான் தேய்ந்தது. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கிளட்ச் மிதிப்பதை விடுங்கள்" என்றார். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த வாத்தியாரிடம் பேனாவைத் தொடாதே என்று சொன்ன மாதிரி இருந்தது. அப்புறம்தான் எனக்கே எனக்கென்று ஒரு ஆட்டோமேட்டிக் தேட ஆரம்பித்தேன்.

முதல் சோதனை ஓட்டம் டூயல் கிளட்ச் கார் ஒன்றில். பின் இருக்கையில் என் வீட்டுக்காரர். 20 கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. முன்னால் ஒரு வளைவு, வழக்கம்போல கியரைக் குறைக்க வேண்டும் என்று இடது கால் தானாகவே எழுந்து கிளட்ச்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே கிளட்ச் பெடல் ஏது? அகலமான பிரேக் பெடலின் ஓரம்தான் மாட்டியது. வண்டி குத்திட்டு நின்றது. இவருடைய மூக்குக் கண்ணாடி முன் இருக்கைக்குப் பறந்து வந்து என் மடியில் விழுந்தது. "27 வருஷம் நீ யாருக்குச் சொல்லிக்கொடுத்தே?" என்றார். கிளட்ச்சை மிதித்துப் பழகிய கால் பிரேக்கைத் தொடக் கூடாது. கிளட்ச்சை அடிவரை அழுத்தித்தான் அதற்குப் பழக்கம், பிரேக்கின் மென்மை தெரியாது. மேனுவலிலிருந்து மாறுகிறவர்கள் முதல் ஒரு மாதம் இடது காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். கேலிக்குச் சொல்லவில்லை, நான் அப்படித்தான் பழகினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சக்கரம் சில நேரம் நிற்க வேண்டும். சுற்றுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் முறுக்கிக்கொள்ளாமல் சேர்த்துவைப்பதுதான் கிளட்ச்சின் வேலை. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் ஒரு பக்கம், அதை அழுத்தும் பிரஷர் பிளேட் இன்னொரு பக்கம், நடுவில் கிளட்ச் பிளேட். பெடலை விட விட அழுத்தம் கூடும். கொஞ்ச நேரம் பிளேட் வழுக்கிக்கொண்டே சுற்றி, பிறகு ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் ஓடும். அந்த வழுக்கும் நேரத்துக்குப் பெயர்தான் ஹாஃப் கிளட்ச். தேய்மானம், சூடு, கருகல் வாடை எல்லாம் அந்தச் சில விநாடிகளில்தான். முழுக்க மிதித்தாலும் பிளேட் தேயாது, முழுக்க விட்டாலும் தேயாது.

டூயல் கிளட்ச்சில் இந்த ஏற்பாடே இரண்டு உண்டு. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு ஒன்று. இரண்டு கிளட்ச்சுக்கும் தனித்தனியாகக் கியர் தண்டு. ஒரு தண்டு குழாய்போல உள்ளே காலியாக இருக்கும், மற்றது அதற்குள்ளேயே ஓடும். நீங்கள் இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் அடுத்த தண்டில் மூன்றாவதைப் போட்டு வைத்திருக்கும். மாற்ற வேண்டிய நேரத்தில் ஒரு கிளட்ச் விடும், மற்றது பிடிக்கும். நடுவில் இழுவை அறுபடாது. நம் காலுக்கும் கைக்கும் ஆகிற நேரத்தில் அது இரண்டு மூன்று கியரைக் கடந்திருக்கும். இதையெல்லாம் உங்கள் கட்டுரையாளர் அழகாகவே எழுதியிருந்தார். ஆனால் அந்த இரண்டு கிளட்ச்சும் நம் கிளட்ச் மாதிரியே வழுக்கும், சூடாகும், தேயும் என்பதை எழுதவில்லை. இங்கேயும் ஹாஃப் கிளட்ச் இருக்கிறது. பிடிப்பது கால் இல்லை, கம்ப்யூட்டர். அவ்வளவுதான்.

எப்போது பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. அதை நானே அளந்து பார்த்தேன். ஆளில்லாத ஒரு சமதளத்தில் எங்கள் பயிற்சிக் காரை முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை முழுக்க விட்டு, ஆக்சிலரேட்டரையும் தொடாமல் உருள விட்டேன். ஸ்டாப்வாட்ச் மகள் கையில். 100 மீட்டர் கடக்க 55 விநாடி ஆனது. அதாவது மணிக்கு ஆறரை கிலோமீட்டர். எஞ்சின் சும்மா ஓடும்போது நிமிஷத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், சாதாரணச் சின்னக் கார்களில் முதல் கியரில் கணக்குப் போட்டாலும் ஏறக்குறைய இதுதான் வரும்.

இந்த ஆறரையை நினைவில் வையுங்கள். இதற்கு மேலே போகிறவரை எந்தக் கிளட்ச்சும் முழுசாக ஒட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். இதற்குக் கீழே மெதுவாக ஊர வேண்டுமென்றால் கிளட்ச் வழுக்கியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. மேனுவலிலும் அப்படித்தான், டூயல் கிளட்ச்சிலும் அப்படித்தான். நெரிசலில் நம் வண்டி எவ்வளவு நேரம் ஆறரைக்குக் கீழே ஊர்கிறது? கியர்பாக்ஸ் தேர்வு செய்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். நூறைத் தொட எத்தனை விநாடி என்று கட்டம் போட்டுக் காட்டியிருந்தீர்கள். வாங்கியவர்களில் எத்தனை பேர் தினமும் நூறைத் தொடப் போகிறார்கள்?

மகள் கதைக்கு வருகிறேன். அவள் ஓட்டக் கற்றுக்கொண்டது என்னிடம்தான், மேனுவலில் நன்றாகவே ஓட்டுவாள். வேலைக்குப் போக வர தினமும் இரண்டரை மணி நேரம் நெரிசல். கால் வலிக்கிறது என்று உலர் கிளட்ச் வகை (கிளட்ச் எண்ணெயில் நனையாத வகை) டூயல் கிளட்ச் கார் ஒன்றை வாங்கினாள். ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது.

"அம்மா, ஸ்கிரீன்ல கியர்பாக்ஸ் சூடாயிருக்கு, வண்டியை நிறுத்துன்னு வருது. பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கறாங்க."

"எங்கே நிக்கறே? ஏத்தமா?"

"பாலத்து மேல. முக்கால் மணி நேரமா ஊர்ந்துகிட்டே இருக்கோம்."

"பிரேக் மிதிச்சு நின்னியா, ஆக்சிலரேட்டர்லயே பிடிச்சு வெச்சிருந்தியா?"

"ஆக்சிலரேட்டர்லதான். ஆட்டோமேட்டிக்தானேம்மா, கிளட்ச்சே இல்லையே!"

இதே பெண் மேனுவலில் ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தால் என்னிடம் திட்டு வாங்கியிருப்பாள். அது அவளுக்கும் தெரியும். பெடல் இல்லாததால் கிளட்ச்சையே மறந்துவிட்டாள். ஏற்றத்தில் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியை நிறுத்தி வைத்தால் கிளட்ச் விடாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். முக்கால் மணி நேரம் அப்படிச் செய்தால் எந்தப் பிளேட்தான் தாங்கும்? அன்று ஓரங்கட்டி, எஞ்சினை ஓடவிட்டு, P-யில் (பார்க்கிங்கில்) போட்டு அரை மணி நேரம் காத்திருந்து வீடு வந்து சேர்ந்தாள். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு "இதெல்லாம் சகஜம், ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போதெல்லாம் வண்டி குளிரில் நடுங்குவது போல உதற ஆரம்பித்தது. இரண்டு கிளட்ச்சும் சேர்ந்த தொகுப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்த பில்லைப் பார்த்த அன்று அவள் ராத்திரி சாப்பிடவில்லை. ஷோரூமில் வண்டியை விற்கும்போது ஒரே ஒரு வரி சொல்லிக் கொடுத்திருந்தால் போதுமே, யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அந்தத் தொகுப்பை மாற்றிய மெக்கானிக் தம்பி பழைய பிளேட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். எத்தனையோ மேனுவல் பிளேட்டுகளைப் பார்த்திருக்கிறேன். இதில் உராயும் பரப்பு கண்ணாடி போல மினுமினுத்தது, ஓரத்தில் இரும்பு நீலம் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், வழுக்கியது. "சூட்டுல வெந்துபோச்சுக்கா, இனிமே பிடிக்காது" என்றார். மூக்கருகே கொண்டுபோனதும் அந்த வாடை வந்தது. தீய்ந்த நகமும் பழைய ரப்பரும் கலந்த வாடை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் வாரத்தில் எனக்குத் தினமும் தருகிற வாடைதான். இரண்டு கிளட்ச் இருந்தாலும் எரிகிற வாடை ஒன்றேதான்!

இங்கே என் பாவத்தையும் சொல்லிவிட வேண்டும். கற்றுக்கொடுக்க ஆரம்பித்த புதிதில், ஏற்றத்தில் வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்துவது எப்படி என்று காட்டுகிறேன் பேர்வழி என்று ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல் கிளட்ச்சிலேயே பிடித்து நிறுத்திக் காட்டுவேன். மாணவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கும் பெருமை. ஏழே மாதத்தில் பயிற்சிக் காரின் கிளட்ச் பிளேட் போய்விட்டது, முதலாளி என் சம்பளத்தில் பிடித்தார். அந்த ஜால வித்தையை அன்றோடு விட்டேன். மேனுவல் என்றால் கிளட்ச் நீடிக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைத் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆனால் ஒன்று. மேனுவல் கிளட்ச் போவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் போகும். பிடிக்கும் இடம் மாறும், எஞ்சின் இரைச்சல் கூடும், வேகம் கூடாது. காலுக்குத் தெரியும், காதுக்குத் தெரியும். டூயல் கிளட்ச்சில் பிளேட் தேயத் தேயக் கம்ப்யூட்டரே பிடிக்கும் இடத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டு சமாளித்துவிடும். நல்ல குணம்தான், ஆனால் ஓட்டுகிறவருக்குச் செய்தி தாமதமாகத்தான் வருகிறது. மாற்றும்போதும் வித்தியாசம் உண்டு. மேனுவல் கிளட்ச்சை அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் மாற்றிவிடுவார். இதற்குத் தனிக் கருவிகள் வேண்டும், மாற்றிய பிறகு கம்ப்யூட்டருக்குப் புதுக் கிளட்ச்சைச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். பேட்டரி இறங்கிப்போனால் மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம், இதை முடியாது.

உலர் வகை, ஈர வகை என்று இரண்டு இருப்பதைக் கட்டுரை ஒரு வரியோடு தாண்டிவிட்டது. வாங்குகிறவருக்கு முக்கியமே அதுதான். உலர் வகையில் கிளட்ச் காற்றில்தான் ஆறுகிறது, மேனுவலில் இருப்பதைப் போல. ஈர வகையில் பிளேட்டுகள் எண்ணெயில் நனைந்தபடி சுற்றுகின்றன. சூட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு போய்விடும். ஃபோக்ஸ்வாகன் தயாரிப்பிலேயே ஒரு உதாரணம் சொல்கிறேன். 2003-ல் வந்த அவர்களுடைய 6 கியர் ஈர வகையில் ஆறரை லிட்டர் எண்ணெய். 2008-ல் வந்த 7 கியர் உலர் வகையில் 1.7 லிட்டர்தான். எண்ணெயைச் சுழற்றும் வேலை குறைவதால் உலர் வகையில் மைலேஜ் கொஞ்சம் கூடும், எடையும் குறைவு. அதனால்தான் சின்ன எஞ்சின்களுக்கு அதை வைக்கிறார்கள். அந்த 7 கியர் பெட்டி தாங்குவது 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 6 கியர் பெட்டி தாங்குவது 350. மைலேஜுக்காக விட்டுக்கொடுத்தது எதை என்று நெரிசலில்தான் தெரியும். ஈர வகைக்கும் ஒரு செலவு உண்டு. அந்த 6 கியர் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். எஞ்சின் ஆயிலை மாற்றிவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் இதற்கான ரசீதைக் கேளுங்கள்.

கட்டுரையில் இன்னொரு பிழை. டூயல் கிளட்ச் "ஃபார்முலா ஒன் பந்தயக் கார்களிலிருந்து வந்தது" என்று போட்டிருக்கிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் கியர் மாற்றும் துடுப்புதான் அங்கிருந்து வந்தது. 1989 பிரேசில் பந்தயத்தில் நைஜல் மான்செல் ஓட்டி வென்ற ஃபெராரி 640-ல்தான் அது முதலில் வந்தது. இன்றைய ஃபார்முலா ஒன் கார்களில் இருப்பதும் டூயல் கிளட்ச் இல்லை. டூயல் கிளட்ச் யோசனை அதைவிடப் பழசு. 1939-லேயே அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சு என்ஜினியர் சித்ரோயன் காருக்காக இதை யோசித்தார். ரஷ்ய ஜார் மன்னரின் கார்களைப் பராமரித்தவர் அவர், பனியில் ஓட டயருக்குப் பதில் பட்டை மாட்டியவரும் அவரே. போர் வந்தது, யோசனை கிடப்பில் போனது. 1980-களில் போர்ஷேயின் நெடுந்தூரப் பந்தயக் கார்களிலும் ஆவுடியின் ராலி காரிலும் அது மறுபடி தலைகாட்டியது. சாலைக் காரில் வந்தது 2003-ல், ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் ஆர்32-ல்.

எதற்கு இந்தப் பழங்கதை என்றால், அவர்களுக்கு வேண்டியிருந்தது கியர் மாற்றும்போது இழுவை அறுபடாமல் இருப்பது. வேகத்தில் அதற்கு இணை இல்லை. சாவகாசமாக ஊர்வதற்காக வந்த ஜாதி வேறு. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்த ஹைட்ரா-மேட்டிக் வழியில் வந்தது அது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாகச் சேர்க்கும் முறை. அதன் வளர்ந்த வடிவத்தை இன்று டார்க் கன்வர்ட்டர் என்கிறோம். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால் மற்றதும் சுற்றும் இல்லையா, காற்றுக்குப் பதில் எண்ணெய். அரை மணி நேரம் ஊர்ந்தாலும் வழுக்குவது எண்ணெய்தான், தேய்வதற்குப் பிளேட் நடுவில் இல்லை. எண்ணெய் சூடாகும், அதைக் குளிரவைக்கத் தனி ஏற்பாடு இருக்கிறது. கியர் மாறுவது அவ்வளவு சுறுசுறுப்பாக இருக்காது, பழைய மாடல்களில் மைலேஜும் கடிக்கும். ஆனால் என் மகளுக்கு வேண்டியது இதுதான். இப்போது இதில்தான் போய் வருகிறாள். கட்டுரை இதைத் தேர்வுப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. மேனுவல் வேண்டாம் என்றால் டூயல் கிளட்ச்தான் என்பது போல எழுதியிருந்தது. ஏஎம்டி பற்றியும் பேச்சில்லை. அது மேனுவல் பெட்டிதான், கிளட்ச்சையும் கியரையும் மோட்டார் இயக்கும். ஒரே கிளட்ச்தான், அதனால் மாறும்போது தலையாட்டும். ஊர்வதில் அதற்கும் இதே வியாதி உண்டு.

டூயல் கிளட்ச் வைத்திருப்பவர்கள் பயந்துபோக வேண்டாம். என் வாகனமே அதுதான். முழங்காலுக்காக ஈர வகை வாங்கினேன். என் ஓட்டமெல்லாம் விடிகாலையில், காலியான சாலையில். நெரிசலில் மாட்டுவது வாரத்துக்கு ஒரு நாள். அந்த ஓட்டத்துக்கு இதைப் போல ஒன்று கிடையாது என்று சத்தியம் செய்வேன். மூன்றிலிருந்து நான்குக்குப் போனதே தெரியாது, எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் மட்டும் சட்டென்று இறங்கும். 27 வருடம் மாணவர்களிடம் "குலுங்காமல் மாற்று, குலுங்காமல் மாற்று" என்று கத்தியிருக்கிறேன். இந்தப் பெட்டி என் எல்லா மாணவர்களையும்விட நன்றாக மாற்றுகிறது. என்னையும்விட என்று எழுதக் கை வரவில்லை.

நெரிசலில் மாட்டினால் நான் செய்வது இதுதான். முன்வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர மாட்டேன். பிரேக்கை நன்றாக அழுத்தி நிற்பேன். அப்படி அழுத்தினால் கம்ப்யூட்டர் கிளட்ச்சை முழுக்க விடுவித்துவிடும். பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர்வதுதான் அதைக் கொல்லும். முன்னால் ஒரு காரின் நீளத்துக்கு இரண்டு பங்கு இடம் விழட்டும் என்று காத்திருந்து, பிரேக்கை முழுசாக விட்டு, ஒரே மூச்சில் அந்த இடத்தைக் கடந்து மறுபடி நிற்பேன். நடுவில் எவராவது மூக்கை நுழைப்பார்கள். நுழையட்டும், கிளட்ச் என்னுடையது. ஏற்றத்தில் நின்றால் பிரேக், இல்லையென்றால் காலை எடுத்தாலும் பிரேக்கைப் பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்ட். சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு P. மாற்றிச் செய்தால் வண்டியின் பாரம் முழுவதும் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னப் பல்லில் தொங்கும், எடுக்கும்போது "டக்" என்று சத்தம் வரும்.

ஒரு குறை மட்டும் பழகவே இல்லை. அடுத்த கியரை முன்கூட்டியே போட்டு வைக்கிறது என்றேனே, அது ஊகம்தான். மெல்ல வேகம் கூட்டிக்கொண்டு ஐந்தாவதில் போகிறேன், அது ஆறாவதைத் தயாராக வைத்திருக்கிறது. திடீரென்று முந்த வேண்டும், அழுத்துகிறேன். வேண்டியது நான்கு. நான்கும் ஆறும் ஒரே தண்டில். ஆறைக் கழற்றி நான்கைப் போட்டுவிட்டுத்தான் கிளட்ச் மாற முடியும். அந்த அரைக் கணம் வண்டி யோசிக்கிறது. எதிரே லாரி வரும்போது அது யோசிப்பதை நான் விரும்பவில்லை. அதனால் முந்துவதற்கு முன்பே கையால் கியரைக் குறைத்துக்கொள்கிறேன். மேனுவலில் இதைத்தான் செய்வேன், பழக்கம் வீண்போகவில்லை.

பழைய டூயல் கிளட்ச் கார் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முந்தின ராத்திரியிலிருந்து ஓடாத வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். விற்கிறவர் முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். லேசான ஏற்றத்தில் ரிவர்ஸில் மெல்ல ஏற்றிப் பாருங்கள், உதறுகிறதா என்று கால் பாதத்தில் தெரியும். பிறகு நெரிசலிலோ காலி மைதானத்திலோ இருபது நிமிஷம் நின்று நின்று ஓட்டிவிட்டு, ஒன்றிலிருந்து இரண்டுக்கு எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்து வாங்கியவர்கள்தான் என்னிடம் வந்து புலம்புகிறார்கள். நெடுஞ்சாலையில் எந்தக் கியர்பாக்ஸும் நல்ல பிள்ளைதான்.

இனி மேனுவலே கற்க வேண்டாம் என்று கட்டுரையின் கடைசியில் ஒரு அறிவுரை. தொழில் பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, இது தப்பு. பிரிட்டன் போன்ற நாடுகளில் ஆட்டோமேட்டிக்கில் ஓட்டிக் காட்டி உரிமம் வாங்கினால் மேனுவலை ஓட்ட அனுமதியே கிடையாது, மேனுவலில் வாங்கினால் இரண்டையும் ஓட்டலாம். சட்டத்தை விடுங்கள். மேனுவலில் கற்றவருக்குக் கிளட்ச் பிடிக்கும் இடம் காலில் பதிந்திருக்கும். நான் முதல் பாடத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடவே விட மாட்டேன். பெடலை மயிரிழை மயிரிழையாக விடச் சொல்வேன். வண்டியின் மூக்கு லேசாக அமுங்கும், இன்ஜின் சத்தம் ஒரு படி இறங்கும், அப்புறம் உருளும். சிலருக்கு அந்த இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆகும். கண்டுபிடித்த நிமிஷம் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அது தெரிந்தவர் டூயல் கிளட்ச்சில் உட்கார்ந்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். என் மகள் விஷயத்தில் பொய்த்துவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். நான் கற்றுக்கொடுத்ததை உங்கள் கட்டுரை போன்ற விளம்பர வாசகங்கள் மறக்கடித்துவிட்டன என்று அவளிடம் சொல்லிச் சமாதானப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ ஆட்டோமேட்டிக்கைப் பத்தி ஒரு வார்த்தைகூட சொல்லித் தரலையேம்மா" என்கிறாள். அதுவும் உண்மைதான்.

மின்சாரக் கார் வந்துவிட்டால் இந்தப் பேச்சே இருக்காது. பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு கியர், கிளட்ச் உண்மையிலேயே கிடையாது. "கிளட்ச் இல்லாத கார்" என்ற சொல்லை அதற்காகப் பத்திரப்படுத்தி வையுங்கள். டூயல் கிளட்ச்சுக்கு அடுத்த ஞாயிறு ஒரு சின்னத் திருத்தம் போட முடியுமானால் "கிளட்ச் பெடல் இல்லாத கார்" என்று போடுங்கள். ஒரே ஒரு சொல்தான் கூடும், இடம் அடைக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓட்டுநர் பயிற்சியாளர்,
உங்கள் நீண்ட நாள் வாசகி